நாலு இடமா, ஒரு டேப்பா?

நிரலாளர்களின் ஓயாத வழக்கும் அதில் ஆத்தூர் மாணவர்களுக்கு உள்ள பங்கும்

பிளஸ் டூ கணினி அறிவியல் தேர்வு. ஆத்தூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் தேர்வறையை மனதில் கொண்டுவாருங்கள். மேலே மின்விசிறி சுற்ற, விடைத்தாள் பறக்காமலிருக்க ஸ்கேலை வைத்து அழுத்தியபடி ஒரு மாணவி பைத்தான் நிரல் எழுதுகிறாள். 'ஃபார்' என்று தொடங்கும் வரியை எழுதி, முக்காற்புள்ளி வைத்தாயிற்று. அடுத்த வரியை எங்கே தொடங்குவது? கீபோர்டாக இருந்தால் எடிட்டரே உள்ளே தள்ளிக் கொடுத்திருக்கும். தாளில் ஆட்காட்டி விரலை வைத்து, ஒரு விரல் அகலம் விட்டு எழுதுகிறாள். அதற்குள் ஓர் 'இஃப்' வருகிறது; இன்னொரு விரல் அகலம். பத்து வரி தாண்டி இரண்டு படி வெளியே வர வேண்டிய இடத்தில், எந்த வரிக்கு நேராக நிறுத்துவது என்று மேலே பார்த்துப் பார்த்துப் பேனாவை இறக்குகிறாள். அரை விரல் பிசகினால் நிரலின் பொருளே மாறிவிடும். போன வருஷம் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் எழுதியபோது இந்தக் கவலை இல்லை. அங்கே அடைப்புக்குறி திறந்து மூடினால் போதும், வரி எங்கே நின்றாலும் கணக்கு ஒன்றுதான்.

2018-ல் தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டம் பதினொன்றாம் வகுப்புக்கும், அடுத்த ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்தது. முதல் ஆண்டு சி பிளஸ் பிளஸ், இரண்டாம் ஆண்டு பைத்தான். உலகெங்கும் நிரலாளர்கள் அரை நூற்றாண்டாக வாதாடும் ஒரு வழக்கின் இரண்டு தரப்பையும், அது வழக்கு என்றே தெரியாமல், நம் பிள்ளைகள் இரண்டே வருஷத்தில் படித்து முடித்துவிடுகிறார்கள். வரியை எத்தனை இடம் உள்ளே தள்ளுவது? ஸ்பேஸ் தட்டுவதா, டேப் தட்டுவதா? அடைப்புக்குறியை அதே வரியில் திறப்பதா, அடுத்த வரியிலா? கேட்பவர்களுக்கு இது வெட்டிப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சின்ன விஷயம் பாதுகாப்புப் பூட்டைத் திறந்துவிட்டிருக்கிறது, பலருடைய வேலை நேரத்தைத் தின்றிருக்கிறது. எல்லாவற்றையும்விட, சிறிய ஊரிலிருந்து இந்தத் தொழிலுக்குள் நுழைகிறவரை அது எப்படி நடத்துகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

இடம் மாறினால் பொருள் மாறும்

நிரலின் வடிவம் யாருக்காக என்ற கேள்விக்கு மொழிகள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா போன்றவற்றில் உள்தள்ளல் முழுக்க முழுக்க மனிதக் கண்ணுக்கு. நூறு வரி நிரலை ஒரே வரியில் கொட்டினாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். இதற்கு மாற்றாக, வரி நிற்கும் இடமே பொருளைச் சொல்லட்டும் என்ற யோசனையைப் பிரிட்டிஷ் அறிஞர் பீட்டர் லாண்டின் 1966-ல் எழுதிய கட்டுரையில் முன்வைத்தார். நெதர்லாந்தில் உருவான ஏபிசி என்ற மொழி அதைக் கையாண்டது; அங்கே வேலை பார்த்த கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்ட பைத்தானுக்கு அது வந்து சேர்ந்தது.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஆத்தூர்க்காரர்களுக்குப் பழகிய கணக்கிலேயே பார்க்கலாம். மரவள்ளிக் கிழங்கு மூட்டைகள் ஜவ்வரிசி ஆலைக்கு வந்து இறங்குகின்றன. விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடும் நிரலைப் பைத்தான் பாணியில், தமிழ்ச் சொற்களில் எழுதினால் இப்படி இருக்கும்:

    தொகை = 0
    ஒவ்வொரு மூட்டைக்கும்:
        தொகையோடு மூட்டையின் விலையைக் கூட்டு
    வண்டி வாடகையைக் கழி
    தொகையை அச்சிடு

நான்காவது வரி நாலு இடம் உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் வண்டி வாடகை இப்போது மூட்டைக்கு ஒருமுறை கழியும். நூறு மூட்டை ஏற்றி வந்தவருக்கு நூறு வாடகை பிடித்தம். பிழைச்செய்தி எதுவும் வராது. நிரல் ஒழுங்காக ஓடி, தப்பான தொகையை அச்சிட்டுத் தரும். பாடநூலின் பிடிஎஃப் கோப்பிலிருந்து நிரலை வெட்டி ஒட்டும்போது வரிமுனை இடைவெளிகள் காணாமல் போவது அடிக்கடி நடக்கிறது. சி பிளஸ் பிளஸ் என்றால் அதை ஒரு கருவி மீண்டும் சீராக்கித் தந்துவிடும். பைத்தானில் இழந்த இடைவெளியை எந்தக் கருவியும் நிச்சயமாக மீட்டுத் தர முடியாது, ஏனென்றால் எழுதியவர் என்ன நினைத்தார் என்ற தகவலே அந்த இடைவெளியில்தான் இருந்தது.

■ யார் எப்படி? ■
• லினக்ஸ் கர்னல்: டேப், ஒரு படிக்கு 8 எழுத்து அகலம். மூன்று படிக்கு மேல் உள்ளே போனால் நிரலையே திருத்தி எழுது என்கிறது லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய வழிகாட்டி.
• பைத்தான்: 2001-ல் வந்த 'பெப் 8' வழிகாட்டியின்படி 4 ஸ்பேஸ், வரிக்கு 79 எழுத்து.
• கூகுளின் சி பிளஸ் பிளஸ், ஜாவா வழிகாட்டிகள்: 2 ஸ்பேஸ்.
• கோ மொழி: டேப். மொழியோடு வரும் கருவியே அடித்துச் சீராக்கும்.
• எழில் தமிழ் நிரல்மொழி: உள்தள்ளலை நம்பாமல், தொகுதியின் கடைசியில் 'முடி' என்று எழுத வேண்டும்.
• நிரலைத் தொகுக்கும் 'மேக்' கருவியின் கோப்பு: டேப் கட்டாயம். கருவி 1976-ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. இந்த விதி சங்கடமானது என்று சீக்கிரமே தெரிந்தும், ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தொந்தரவு தர வேண்டாம் என்று விட்டுவிட்டார். இன்றும் அப்படியே இருக்கிறது.

ஒரே வரி, இரண்டு முறை

பைத்தானில்தானே ஆபத்து, அடைப்புக்குறி மொழிகளில் அழகுப் பிரச்சினைதானே என்று கேட்பவர்களுக்கு 2014 பிப்ரவரி 21 ஒரு பதில் தருகிறது. அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் நாம் பேசுவது உண்மையான வங்கியோடுதானா, உண்மையான தளத்தோடுதானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் சி நிரலில் ஒரு நிபந்தனை வரி. அதன் கீழே, தவறு இருந்தால் மட்டும் இயங்க வேண்டிய 'வெளியேறு' என்ற கட்டளை. அந்தக் கட்டளை எப்படியோ இரண்டு முறை பதிவாகியிருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளி நின்றதால், பார்க்கிற கண்ணுக்கு இரண்டுமே நிபந்தனைக்கு உட்பட்டவை. சி மொழிக்கோ இடைவெளி ஒரு பொருட்டல்ல. அடைப்புக்குறி இல்லாததால் முதல் வரி மட்டும்தான் நிபந்தனைக்கு உட்பட்டது, இரண்டாவது எப்போதும் இயங்கும். விளைவாக, கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசிப் படி நடக்கவே இல்லை. இடையில் புகுந்து ஒட்டுக்கேட்பவருக்குக் கதவு திறந்து கிடந்தது. எண்ணிலடங்காத போன்களில், மேக் கணினிகளில்.

அடைப்புக்குறி போட்டிருந்தால் போதுமே, உள்தள்ளலைக் குறை சொல்வானேன் என்று வாதிடலாம். உண்மைதான், போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் இந்தப் பிழை தப்பிப் பிழைத்தது வரிகள் பொய் சொன்னதால். கம்ப்யூட்டர் ஒன்றைப் படித்தது, மனிதர்கள் வேறொன்றைப் படித்தார்கள். அந்த வரிகளை ஒரு சீராக்கும் கருவி கடந்து போயிருந்தால், இரண்டாவது கட்டளையை இடப்பக்கம் இழுத்து, அது உண்மையில் எங்கே சேர்ந்தது என்று காட்டியிருக்கும். 2016-ல் வந்த ஜிசிசி கம்பைலரின் ஆறாம் பதிப்பு, உள்தள்ளல் ஏமாற்றுகிறது என்று எச்சரிக்கும் வசதியைச் சேர்த்தது. இடைவெளியைப் பொருட்படுத்தாத மொழியின் கம்பைலரே மனிதர் பொருட்டு இடைவெளியைக் கவனிக்கத் தொடங்கியது.

ஆய்வுகள் சொல்வது

எத்தனை இடம் தள்ளினால் நல்லது என்பதற்கு அறிவியல் திட்டவட்டமாகப் பதில் சொல்லவில்லை. 1983-ல் பென் ஷ்னைடர்மன் உள்ளிட்டோர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு, 0, 2, 4, 6 என்று வெவ்வேறு அளவில் பாஸ்கல் நிரல்களைக் கொடுத்துப் பார்த்து, 2 முதல் 4 வரை தள்ளியிருந்தால் புரிதல் நன்றாக இருக்கிறது என்றது. 2019-ல் கண் அசைவைப் பதிவு செய்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, அளவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2023-ல் ஜெர்மனியில் இன்னொரு குழு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய நிபந்தனைகளைக் கொடுத்துச் சோதித்தது. உள்தள்ளலே இல்லாத நிரலைப் படிக்க இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் பிடித்தது.

மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அடுக்கு கூடக் கூட உள்தள்ளல் உதவுகிறது, அது இரண்டா நாலா என்பதில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றுதான் படிக்க முடிகிறது. ஸ்பேஸ் தட்டுகிறவர்களுக்குச் சம்பளம் அதிகம் என்று 2017-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் தளத்தின் கணக்கெடுப்பிலிருந்து கிளம்பிய செய்தியையும் இங்கேயே முடித்துவிடலாம். நாடு, அனுபவம் போன்றவற்றைக் கழித்த பிறகும் 8.6 சதவீத வித்தியாசம் இருந்தது உண்மை. ஸ்பேஸ் தட்டியதால்தான் சம்பளம் கூடியது என்று அந்தக் கணக்கு எங்கேயும் நிறுவவில்லை. வேலை தேடும் பிள்ளைகளுக்கு இதை அறிவுரையாகச் சொல்லித் தருவது தப்பு.

பாணிகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் சண்டை ஏன் தீரவில்லை? எல்லாமே ஏறக்குறைய சமம் என்பதால்தான். ஒன்று தெளிவாக மேலாக இருந்திருந்தால் மற்றவை எப்போதோ மறைந்திருக்கும். சமமானவற்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது வாதம் உதவாது, யாராவது முடிவெடுக்க வேண்டும். தமிழர்கள் நாம் இதை இரண்டு முறை, இரண்டு விதமாகச் செய்து பார்த்தவர்கள்.

லை மாறியது, விரல்கள் மாறவில்லை

ஈரோட்டுப் பெரியார் 1935-ல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். ணா, றா, னா ஆகியவை சுழித்து எழுதப்பட்ட காலம். லை, ணை, னை, ளை ஆகியவற்றின் தலையில் யானைத் தும்பிக்கை போன்ற கொம்பு. பழைய வடிவிலும் படிக்கலாம், புதிய வடிவிலும் படிக்கலாம். அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் மட்டும் பழையது கூடுதல் சுமை. நாற்பதாண்டுகளுக்கு மேல் இரண்டும் அக்கம்பக்கமாக நடந்தன. 1978 அக்டோபர் 19-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்து 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பாடநூல்கள் மாறின, அச்சகங்கள் மாறின, ஒரு தலைமுறைக்குள் விவாதம் ஓய்ந்தது. எந்த வடிவம் அழகு என்று இன்று யாரும் மல்லுக்கு நிற்பதில்லை.

இரண்டாவது அனுபவம் விசைப்பலகை. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கம், தனக்கென ஒரு விசை அமைப்பு வைத்திருந்தது. ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்த கடிதம் அடுத்த அலுவலகத்தில் கிறுக்கலாகத் திறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு, அரசு 'தமிழ் 99' விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. நல்ல அமைப்பு. ஆனால் ஆணையால் விரல்கள் மாறவில்லை. தட்டச்சுப் பயிலகத்தில் பழகியவர்கள் பழைய அமைப்பிலேயே அடித்தார்கள், ஆங்கில ஒலிவழி பழகியவர்கள் அப்படியே அடித்தார்கள், இன்றும் அடிக்கிறார்கள். பிரச்சினை தீர்ந்தது யுனிகோடால். எந்த விசையைத் தட்டினாலும் கோப்பில் சேர்வது ஒரே குறி. தமிழ்நாடு அரசு 2010-ல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது. விரலுக்கு அவரவர் பழக்கம், கோப்புக்குப் பொது ஒழுங்கு.

உள்தள்ளல் வழக்குக்கும் இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் வாதம். நிரலாளர் எப்படி வேண்டுமானாலும் தட்டட்டும். கோப்பைச் சேமிக்கும்போதோ பொதுக் கிடங்கில் சேர்க்கும்போதோ ஒரு கருவி அதைக் குழுவின் பொது வடிவத்துக்கு மாற்றட்டும். 2009-ல் அறிமுகமான கோ மொழி இதைத் தொடக்கத்திலிருந்தே செய்தது. அதன் கருவியில் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் விருப்பத்தேர்வுகளைக் கிட்டத்தட்ட அறவே ஒழித்தார்கள். அந்த வடிவம் பலருக்குப் பிடிக்கவில்லை, கருவியோ எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017-ல் பிரிட்டியர், பைத்தானுக்கு 2018-ல் பிளாக் என்று மற்ற மொழிகளும் அதே வழியில் வந்தன.

■ சீராக்கும்போது கவனிக்க ■
பழைய நிரல் கிடங்கை ஒரே நாளில் கருவியில் போட்டுச் சீராக்கினால், 'இந்த வரியை யார், எப்போது எழுதினார்' என்று காட்டும் வரலாறு, மாறிய வரிகளுக்கெல்லாம் சீராக்கியவர் பெயரையே காட்டும். பிழையின் மூலத்தைத் தேடுபவருக்கு இது பெரிய இழப்பு. அந்த வரலாற்றைப் பதிவுசெய்யும் 'கிட்' கருவியின் 2019-ல் வெளிவந்த 2.23 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட மாற்றங்களைக் கணக்கில் கொள்ளாமல் வரலாற்றைக் காட்டும் வசதி உண்டு. சீராக்கலைத் தனி மாற்றமாகச் செய்து, அதன் எண்ணை இப்படி விலக்க வேண்டிய மாற்றங்களின் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். வேறு திருத்தங்களை அதனோடு கலக்கவே கூடாது.

எழுதாத விதி யாரைத் தண்டிக்கிறது?

ஆத்தூர் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் கணினி படித்து வெளியே வருகிற இளைஞர், சென்னைக்கோ பெங்களூருக்கோ கோவைக்கோ போய் ஒரு குழுவில் சேர்கிறார் என்று கொள்வோம். இப்போது சேலம் கருப்பூரிலேயே மினி டைடல் பூங்கா வந்துவிட்டதால், வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தொலைவிலும் அந்த வேலை கிடைக்கலாம். அவர் எழுதிய முதல் நிரலை மூத்தவர் ஒருவர் பரிசீலிக்கிறார். கணக்கு சரி, நிரல் ஓடுகிறது. ஆனால் 'இங்கே இடைவெளி விடு', 'அடைப்புக்குறி மேலே', 'வரி நீளம்' என்று இருபது குறிப்புகளோடு திரும்பி வருகிறது. இந்தக் குழுவின் பாணி எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. பெரிய கல்லூரியில் படித்தவருக்குச் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள், பயிற்சி வேலையில் பழகியிருப்பார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த இருபது குறிப்பையும் அவர் தன் அறிவின் மீதான தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வார். அடுத்த முறை கேள்வி கேட்கவே தயங்குவார். தர்க்கத்தில் உள்ள உண்மையான ஓட்டையை மூத்தவர் கவனித்துச் சொல்ல வேண்டிய நேரமும் இந்த இடைவெளிகளிலேயே கரைந்துபோகிறது.

அதே குறிப்பை ஒரு கருவி திருத்திவிட்டால் அதில் அவமானம் இல்லை. அது எந்தக் கல்லூரி என்று கேட்காது. பத்தாண்டு அனுபவசாலியின் வரியையும் நேற்று சேர்ந்தவரின் வரியையும் ஒரே அளவில்தான் தள்ளும். பாணியைச் சீராக்கும் கருவிகளை நேரம் மிச்சம் என்ற காரணத்துக்காகவே பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். எழுதப்படாத விதிகள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சாதகமானவை, எழுதி இயந்திரத்திடம் கொடுத்த விதி புதியவருக்கும் சமமானது என்பதுதான் என் கண்ணுக்குப் பெரிய காரணம்.

இதற்கு எதிர்ப்புகள் உண்டு, சிலவற்றில் நியாயமும் உண்டு. நிரல் எழுதுவது கலை, அவரவர் கையெழுத்து அதில் தெரிய வேண்டும் என்பது முதலாவது. தனியாக எழுதும்போது தெரியட்டும். பலர் சேர்ந்து திருத்தும் கோப்பில், கலை எதைச் சொல்கிறோம், எப்படிப் பிரிக்கிறோம், என்ன பெயர் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. அவற்றில் எந்தக் கருவியும் கைவைப்பதில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, பாணி எதற்கு என்பது இரண்டாவது. எழுதும் சுமை குறையக் குறையப் படித்துச் சரிபார்க்கும் சுமை கூடுகிறது. கண் ஏமாறாத வடிவம் முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

மூன்றாவது எதிர்ப்பு கனமானது. பார்வையற்ற நிரலாளர்களில் பிரெய்ல் திரை பயன்படுத்துபவர்கள் உண்டு. நாற்பது எழுத்து அளவே உள்ள ஒரு திரையில், மூன்று படி உள்ளே போன வரிக்குப் பன்னிரண்டு இடத்தை வெற்று ஸ்பேஸ்களே அடைத்துவிடும். டேப் என்றால் படிக்கு ஓரிடம். பார்வை குறைந்து எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கும், டேப்பின் அகலத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ள முடிவது பெரிய உதவி. எனவே ஒரு குழு புதிதாகத் தொடங்கும்போது, மொழியின் மரபு தடுக்காவிட்டால் டேப்பைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்று நினைக்கிறேன். சமமானவற்றுக்குள் ஒருவருக்கு மட்டும் உண்மையான தேவை இருக்கும்போது, தட்டு அவர் பக்கம்தான் சாய வேண்டும். நாலு ஸ்பேஸ் மரபான பைத்தானிலும், பொதுக் கோப்பு ஸ்பேஸில் இருக்க, அவர் திரையில் மட்டும் டேப்பாக மாற்றித் திறந்து, சேமிக்கும்போது திருப்பி மாற்றுவது கருவிகளால் ஆகிற காரியம்தான்.

பள்ளியில் செய்ய வேண்டியவை

கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று பள்ளியில் உள்தள்ளலைச் சொல்லித் தராமல் விட முடியாது. பைத்தானில் அடுக்கை முடிவு செய்வது மாணவர்தான்; கருவி அதை அழகாக்கும், அவ்வளவே. கையால் எழுதிப் பழகுவதில் அந்த வகையில் ஒரு நன்மை இருக்கிறது: எந்த வரி எதற்குள் அடங்கும் என்று யோசிக்காமல் அடுத்த வரியை எழுதவே முடியாது. ஆனால் வெற்றுத் தாளில் அரை விரல் பிசகுக்கு மதிப்பெண் போகும் நிலை நியாயமல்ல. நிரல் எழுதும் வினாக்களுக்கு, மெலிதான செங்குத்துக் கோடுகள் அச்சிட்ட பக்கம் ஒன்றை விடைத்தாளில் சேர்க்கலாம். செலவு மிகச் சிறிது, திருத்தும் ஆசிரியருக்கும் சந்தேகம் தீரும். ஆய்வகத்தில் ஒரு மாணவர் நோட்பேடில் டேப் தட்டி எழுதியதை இன்னொருவர் ஐடில் எடிட்டரில் திறந்து தொடர்கிறார் என்று வையுங்கள். ஐடில் டேப் விசையை ஸ்பேஸ்களாக மாற்றிவிடும். இரண்டும் ஒரே தொகுதிக்குள் கலந்தால், கண்ணுக்கு நேராக நிற்கும் நிரலைப் பைத்தான் 3 ஏற்க மறுத்துப் பிழை காட்டும். காரணம் தெரியாத மாணவர் அரை மணி நேரம் முழிப்பார். கல்வியாண்டின் தொடக்கத்தில் எல்லாக் கணினியிலும் ஒரே எடிட்டர், ஒரே அமைப்பு என்று ஆசிரியர் ஒருமுறை செய்து வைத்தால் இந்தத் துன்பம் பெருமளவு ஒழியும்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், குறிப்புகளைத் தமிழில் எழுதலாம். ஆனால் நிரலாளர்கள் பயன்படுத்தும் சம அகல எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துகள் இல்லை. வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வருகின்றன, ஒவ்வொன்றும் ஓர் அகலம். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, பைத்தானின் நீளக் கணக்கில் ஐந்து. ஆகவே வரிமுனை உள்தள்ளல் தமிழ் நிரலில் ஒழுங்காக நிற்கும், வரிக்கு நடுவே ஸ்பேஸ் தட்டி நேர்படுத்திய அட்டவணைகள் கோணிப்போகும். குறிகளை எண்ணி வரி நீளம் பார்க்கும் கருவிகள், நீளமே இல்லாத தமிழ் வரியையும் நீளம் என்று குறை சொல்லும். பிளாக், பிரிட்டியர் போன்றவற்றின் மூலநிரல் யாரும் படித்துத் திருத்தும்படி திறந்தே இருக்கிறது. தமிழ் எழுத்து எங்கே முடிகிறது, திரையில் எவ்வளவு இடம் கொள்கிறது என்று அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை எடுத்துச் செய்ய, இரண்டு வருஷத்தில் இரண்டு பாணியையும் படித்துவிட்டு வரும் ஆத்தூர் மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?